பால்வாடி டீச்சரும் வாலஸ் ஃபாக்ஸும்

2007-ஆம் ஆண்டின் முதல் சில மாதங்கள், திங்களும் புதனும் அம்மா விடியற்காலை நாலரைக்கே எழுந்துவிடுவார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் வெந்நீர் ஊற்றிய ஹார்லிக்ஸ் பாட்டில், முந்தானை முடிச்சில் மாத்திரை அட்டை. எங்கள் ஊர் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிறது. ராமேஸ்வரம் படகுத்துறைக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொள்ள ரோட்டு முக்கில் ஒரு வேன் வந்து நிற்கும். அது கிளம்புவதற்குள் அம்மா அங்கே இருக்க வேண்டும். தை மாத வாடைக்காற்றில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும் பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவர் மட்டும் மெல்ல விலகிப் பூவரச மரத்தடிக்கு வருவார். ஏழு மாத்திரை. ஒவ்வொன்றாக, அம்மா பார்க்கப் பார்க்க விழுங்குவார். அவர் தண்ணீர் குடித்து முடித்ததும் காலி அட்டையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அம்மா வீட்டுக்கு வருவார்.

அம்மா பால்வாடி டீச்சர். மாத்திரை சாப்பிட்டவர் பக்கத்துத் தெரு அண்ணன், விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அவர் இன்றும் நல்லபடியாக இருக்கிறார், பெயர் வேண்டாம். அப்போது அவருக்கு டி.பி.

எதற்கு நாலரை மணி என்று அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. அரசு கொடுத்த மருந்தை அம்மாவின் கண்ணெதிரேதான் விழுங்க வேண்டும், அதுவும் வாரத்துக்கு மூன்று நாள்: திங்கள், புதன், வெள்ளி. ராமேஸ்வரம் விசைப்படகுகள் கடலுக்குப் போவதும் வாரத்துக்கு மூன்று நாள்: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு என்பது பாக் நீரிணையில் பல ஆண்டுகளாக இருக்கிற ஏற்பாடு. திங்கள் காலை டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பும் படகு செவ்வாய் காலைதான் கரைக்கு வரும். ஆக, மருந்துக்கான மூன்று நாளில் இரண்டு நாள் அண்ணன் கடலில். பால்வாடி திறக்கிற நேரத்துக்கு அவரை வரச் சொன்னால் மருந்து நின்றுபோகும். தொழிலுக்குப் போகாதே என்றால் அடுப்பு எரியாது. அம்மா யோசித்துக் கண்டுபிடித்த வழி அந்தப் பூவரச மரத்தடி.

இந்த வழிக்குப் பின்னால் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆராய்ச்சியாளரின் முழு வாழ்க்கை இருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுகாதாரத் துறை ஊழியர் ஒருவர் பைக்கில் கொண்டுவந்து கொடுத்த அட்டைப் பெட்டி அது. சிவப்பு நிறம். முதல் தடவையாக டி.பி. மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சிவப்பு, மருந்தை இடையில் விட்டு மறுபடி தொடங்குகிறவர்களுக்கு நீலம். பெட்டியின் மேல் அண்ணனின் பெயரை எழுதியிருந்தார்கள். ஆறு மாதத்துக்கான மொத்த மாத்திரையும் அதற்குள்ளேயே இருந்தது. முதல் இரண்டு மாதத்துக்கு 24 தடவை, அதன்பின் 18 வாரத்துக்கு மூன்று மூன்று தடவை. ‘மருந்து வரல, அடுத்த வாரம் வாங்க’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் பெயரில் வந்த பெட்டியிலிருந்து இன்னொருவருக்கு எடுக்கக் கூடாது. அம்மா அதைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல், எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் பட்டுப்புடவைக்கு மேலே வைத்திருந்தார்.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ அண்ணன் வேகுவேகென்று வீட்டுக்கு ஓடி வந்தார். ‘டீச்சர், ஒண்ணுக்கு ரத்தமாப் போகுது டீச்சர்’ என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா பதறவே இல்லை. ‘அது ரத்தம் இல்ல தம்பி, மாத்திரையோட சாயம். அந்தச் செவப்பு மாத்திரை உள்ள போய் வேலை செய்யுதுன்னு அர்த்தம். நெறம் மாறலன்னாத்தான் நான் பயப்படணும்’ என்றார். ரிஃபாம்பிசின் என்ற அந்த மருந்து சிறுநீரை ஆரஞ்சும் சிவப்புமாக மாற்றும் என்பதை அம்மா ஒருநாள் பயிற்சியில் கேட்டு வைத்திருந்தார். சிறுநீரின் நிறத்தைப் பார்த்து மருந்து உள்ளே போனதா என்று கண்டுபிடிப்பது 1950-களிலேயே சென்னையில் நடந்த வேலை என்பது எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

சென்னையில் நான் முதுகலைப் புள்ளியியல் படித்தேன். மருத்துவச் சோதனைகளில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரிப்பது பற்றி ஒரு வகுப்பு. பிரிட்டனில் 107 காசநோயாளிகளை வைத்து நடந்து, 1948-இல் முடிவு வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையைச் சொல்லி முடித்துவிட்டு, ‘அடுத்த முக்கியமான சோதனை எங்க நடந்தது தெரியுமா? இங்கதான், சேத்துப்பட்டுல’ என்றார் எங்கள் பேராசிரியர். எழும்பூரிலிருந்து பஸ்ஸில் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்று இரவே உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் 1959-இல் வந்த அந்த அறிக்கையைத் தேடி எடுத்தேன். கிட்டத்தட்ட நூறு பக்கம். தென்னிந்தியாவில் காசநோய்க்கு வீட்டில் தரும் சிகிச்சையையும் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் தரும் சிகிச்சையையும் ஒப்பிடுவது என்பது அதன் தலைப்பின் சாரம். இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். நோயாளிகளின் வீடு, சாப்பாடு, வேலை, கூட இருப்பவர்கள், விட்டுப்போன மாத்திரை என்று அட்டவணை அட்டவணையாக வந்துகொண்டே இருந்தது. எனக்கு அதில் பூவரச மரத்தடிதான் தெரிந்தது.

அந்த ஆராய்ச்சியை நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். 1920-இல் பிறந்தவர். லண்டன் கைஸ் மருத்துவமனையில் படித்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில், கெண்ட் மாவட்டத்தில் ப்ரெஸ்டன் ஹால் என்ற காசநோய்க் குடியிருப்பில் மருத்துவராக இருந்தார். நோயாளிகள் குடும்பத்தோடு தங்கி, முடிந்த வேலையைச் செய்துகொண்டே வைத்தியம் பார்த்துக்கொள்ளும் ஊர் அது. நோயாளிக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்கு வருமானம் வேண்டும் என்பதை அவர் அங்கே கண்ணாரப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். 1952-இல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் காசநோய்ப் பிரிவில் சேர்ந்தார். 1956-இல் உலக சுகாதார நிறுவனம் வழியாகச் சென்னைக்கு வந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாகாண அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டன் குழுவும் சேர்ந்து சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்துக்கு அவர்தான் முதல் இயக்குநர். இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வந்தபோது அவருக்கு வயது 35.

அன்றைய நிலைமையைப் புரிந்துகொண்டால்தான் அவர் கேட்ட கேள்வியின் கனம் தெரியும். சயரோகம், எலும்புருக்கி என்றெல்லாம் சொல்லப்பட்ட நோய்க்கு அதுவரை இருந்த வைத்தியம் சானடோரியம்தான்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரம் பக்கத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர் வரும் அளவுக்கு அது ஊன்றிப்போயிருந்தது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்ற மருந்தும் வந்தன, 1952-இல் ஐசோநயசிட் வந்தது. மாத்திரையாலேயே நோயைக் குணப்படுத்தலாம் என்ற நிலை. ஆனால் மருந்தையும் படுக்கையில் வைத்தே கொடுக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் சில ஆயிரம். படுக்கை கிடைக்காதவர்களின் கதி என்ன?

எங்கள் கரையில் இதற்கு ஒரு சொல் உண்டு: தோப்பூர். மதுரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அரசு நெஞ்சக மருத்துவமனை அது. அந்த அண்ணனுடைய அப்பா சங்கு குளிக்கிறவர். மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய்ச் சங்கு பொறுக்கி வந்த மனிதருக்கு நெஞ்சில் நோய் வந்தது. அவரைத் தோப்பூரில் சேர்த்தார்கள். அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள், குணமாகித்தான் வந்தார். ஆனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மாதக்கணக்கில் அவர் படுத்திருந்தபோது இங்கே வீட்டில் நாலு பிள்ளைகள். மூத்த பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வத்தை என்ற சிறு படகில் ஏறினான். அந்த மூத்த பையன்தான் இந்த அண்ணன். படுக்கைச் சிகிச்சையின் செலவு மருத்துவமனைக் கணக்கில் மட்டும் எழுதப்படுவதில்லை என்று எனக்குத் தெரிந்தது இந்தக் குடும்பத்தால்தான்.

ஃபாக்ஸும் அவருடைய குழுவும் செய்தது இதுதான். சளியில் கிருமி இருந்த 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்கு. அங்கே படுக்கை, ஓய்வு, சத்தான சாப்பாடு, செவிலியர் கையால் மருந்து. இன்னொரு பிரிவு தங்கள் குடிசைக்கே. நெருக்கடியான ஒற்றை அறை, பழைய வேலை, வாரத்துக்கு ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போக வேண்டும். இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஐசோநயசிட்டும் பாஸும், 12 மாதம். பாஸ் என்பது லேசான மருந்தில்லை. தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும்.

வருடக் கடைசியில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம். மாகாணத்துக்கு மாகாணம் சானடோரியம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒற்றை அறைக் குடிசை அதற்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றது. புள்ளியியல் படித்தவள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல ஆசை. எஸ். ராதாகிருஷ்ணா போன்ற நம் ஊர்ப் புள்ளியியலாளர்கள் அந்த மையத்திலேயே உருவானவர்கள். எஸ். தேவதத்தா, சி.வி. ராமகிருஷ்ணன், பி.ஆர்.ஜே. கங்காதரம் என்று அந்தக் கட்டுரைகளில் வரும் பெயர்களைப் படிக்கும்போதெல்லாம், வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து செய்துவிட்டுப்போன வேலை என்று இதைச் சொல்லக் கூடாது என்று தோன்றும்.

எல்லோரும் கேட்ட அடுத்த கேள்வி, வீட்டில் வைத்துப் பார்த்தால் மற்றவர்களுக்கு ஒட்டாதா என்பது. அதையும் அவர்கள் அனுமானத்துக்கு விடவில்லை. கூடவே இருந்த குடும்பத்தாரை வருடக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்தார்கள். சானடோரியத்துக்குப் போனவரின் குடும்பத்தைவிட வீட்டில் இருந்தவரின் குடும்பத்துக்கு நோய் கூடுதலாக வரவில்லை. ஒட்ட வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே ஒட்டிவிடுகிறது. மருந்து ஒழுங்காக உள்ளே போகத் தொடங்கியதும் நோயாளியிடமிருந்து பரவுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. 1960 வாக்கிலேயே இது தெரிந்துவிட்டது. 2007-இல் எங்கள் தெருவில் அந்த அண்ணனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையில் படுக்கை. டீக்கடையில் அவருக்கு மட்டும் பேப்பர் கப். அவர் மனைவி, எங்கள் மதினி, கடல்பாசி எடுக்கப் போகும் வத்தையில் மற்றப் பெண்கள் அவர் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் முங்கி முங்கிப் பாசி பறிக்கும் பெண்களுக்கு ஒருவருக்கொருவர்தான் துணை. அந்தத் துணையும் போனால் என்ன ஆவது? அம்மா அடுத்த வாரமே எல்லோருக்கும் தெரியும்படி அவர்கள் வீட்டுக்குப் போய், மதினி கையால் டீ வாங்கி அங்கேயே உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தார். அவர்களுடைய சின்னவனுக்கு அப்போது நாலு வயது. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நோய் வராமல் தடுக்க ஐசோநயசிட் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பால்வாடியில் அம்மாவே அதைத் தேனில் குழைத்துத் தினமும் கொடுப்பார். 1956-இல் சென்னைக் குடிசைகளுக்குப் போன அதே மருந்து.

ஃபாக்ஸிடம் எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல் சொல்லப்போவதுதான். வீட்டிலேயே சிகிச்சை தரலாம் என்று நிரூபித்த மனிதர், அந்த வெற்றியிலேயே அதன் ஓட்டையையும் பார்த்தார். வீட்டில் இருப்பவர் மருந்தைச் சாப்பிடுகிறாரா என்று யாருக்குத் தெரியும்? அவருடைய குழுவினர் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். மிச்சம் இருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கி வந்து, ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து நிறம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். பலர் மருந்தை விட்டிருந்தார்கள். 1958-இலேயே, நோயாளி தானாக மருந்து எடுத்துக்கொள்வதில் இருக்கும் சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் தனியாக ஒரு கட்டுரை எழுதினார்.

மருந்தை நிறுத்துவது படிக்காதவரின் குணமோ ஏழையின் பொறுப்பின்மையோ கிடையாது. இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறிய பிறகும் வயிற்றைப் புரட்டும் மருந்தை மாதக்கணக்கில் விழுங்கு என்றால் யாருக்கும் கை பின்வாங்கும். படித்தவர்களே ஆன்டிபயாட்டிக்கை ஐந்து நாளில் மூன்று நாளோடு நிறுத்துவதை நான் தினமும் பார்க்கிறேன். ஆகவே மருந்தை மனிதருக்குத் தோதாக மாற்ற வேண்டும், சிகிச்சை அவருடைய வாழ்க்கைக்குள் போய்ப் பொருந்த வேண்டும். ஃபாக்ஸின் அடுத்த முப்பது வருட உழைப்பை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

எங்கள் அண்ணனும் விட்டார். நாலாவது மாதம். ஏப்ரல் 15 வந்துவிட்டது, மீன்பிடித் தடைக்காலம். அப்போதெல்லாம் 45 நாள், இப்போது 61 நாள். படகுகள் கரையில் ஏறிவிடும், வருமானம் கிடையாது. மேற்குக் கரையில் அந்தச் சமயம் தடை இருக்காது என்பதால் நம் ஆட்கள் பலர் கேரளாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் மாதச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்திருந்தது. இருமலும் இல்லை. படகுக்காரரான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் கழுத்தை நெரித்தது. சொல்லாமல் கொச்சிக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை வரவில்லை, திங்கள் வரவில்லை. மதினி இரண்டு நாள் மழுப்பிவிட்டு மூன்றாம் நாள் அழுதார். அம்மா யாரிடமோ விசாரித்து அங்கே ஒரு கடை போன் நம்பரைப் பிடித்தார். எஸ்.டி.டி. பூத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ‘தம்பி, சாப்பாடெல்லாம் சரியா இருக்கா?’ என்று கேட்டார். அப்புறம், ‘பெட்டியில உன் பேரு எழுதியிருக்கு. வேற யாருக்கும் அதைக் குடுக்க முடியாது. நீ வராம நான் அதை என்ன செய்யட்டும்?’ என்றார். ஒன்பது நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். விட்டுப்போன தடவைகளையும் சேர்த்துக் கடைசிவரை சாப்பிட்டு முடித்தார். அந்தத் தடைக்கால மிச்சத்துக்கு அம்மா தன் சீட்டுப் பணத்தை மதினியிடம் கொடுத்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

தினமும் ஒருவரைப் பார்த்து மருந்து கொடுப்பது எந்த அரசாங்கத்தாலும் ஆகாத காரியம் என்பது அன்று எல்லோரும் சொன்ன மறுப்பு. வாரத்துக்கு இரண்டே தடவை கொடுத்தால் போதுமா என்று சென்னையில் சோதித்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோநயசிட்டும், வாரம் இருமுறை, ஊழியர் கண்ணெதிரே. 1964-இல் முடிவு வெளியானது: தினமும் வீட்டில் தானாகச் சாப்பிட்டவர்களைவிடக் குறைவில்லாமல் குணமாகியிருந்தார்கள். பார்த்துக் கொடுப்பது, இடைவெளி விட்டுக் கொடுப்பது, இந்த இரண்டும் அங்கேதான் ஒன்றுசேர்ந்தன. டாட்ஸ் என்ற பெயரில் 1997 முதல் இந்தியா முழுக்கப் பரவியதும், பால்வாடி டீச்சர் வீட்டு டிரங்குப் பெட்டிக்கு வந்து சேர்ந்ததும் அதன் வழித்தோன்றல்.

1961-இல் ஃபாக்ஸ் லண்டனுக்குத் திரும்பினார். 1965 முதல் 1986 வரை பிரிட்டன் குழுவின் காசநோய்ப் பிரிவுக்கு இயக்குநர். கிருமியியலாளர் டெனிஸ் மிச்சிசன் அவருடைய நெடுநாள் கூட்டாளி. இருவரும் கிழக்கு ஆப்பிரிக்கா, ஹாங்காங், சிங்கப்பூர், சென்னை என்று அந்தந்த ஊர் மருத்துவர்களோடு சேர்ந்து சோதனைக்கு மேல் சோதனையாக நடத்தினார்கள். 18 மாதச் சிகிச்சையை எவ்வளவு சுருக்கலாம் என்பதுதான் கேள்வி. ரிஃபாம்பிசினையோ பைரசினமைடையோ சேர்த்தால் 6 மாதத்தில் முடிக்கலாம் என்று கிழக்கு ஆப்பிரிக்கச் சோதனைகள் காட்டின. முதல் முடிவுகள் 1972-இல் வந்தன. ஒரு மீன்பிடித் தொழிலாளிக்கு 18 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று எண்ணிப் பாருங்கள். 18 மாதத்தில் ஒரு தடைக்காலம் கட்டாயம் வரும், இரண்டும் வரலாம். எத்தனை கொச்சிப் பயணம், எத்தனை முன்பணம். ஃபாக்ஸ் புது மருந்து எதையும் கண்டுபிடித்தவர் இல்லை. இருந்த மருந்துகளை எப்படி, எத்தனை நாள், யார் முன்னிலையில், எந்த இடத்தில் கொடுத்தால் ஒரு கூலித் தொழிலாளி பிழைப்பார் என்று கண்டுபிடித்தவர். நோபல் பரிசுக்காரர்களின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 2010-இல் மறைந்த இவருடைய பெயரைச் சென்னையில் டாக்டருக்குப் படித்த என் தோழிகளே கேள்விப்பட்டதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்த ஆராய்ச்சி நாட்டுக்குள் போய்ச் சேர்ந்த விதத்தோடு எனக்குச் சண்டை உண்டு. சாப்பாடு. சானடோரியத்தில் இருந்தவர்கள் நல்ல சாப்பாடு சாப்பிட்டு எடை கூடினார்கள். வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு கலோரியிலும் புரதத்திலும் கொழுப்பிலும் மட்டம். இருந்தும் கிருமி ஒழிவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ராமகிருஷ்ணனும் ஃபாக்ஸும் மற்றவர்களும் 1961-இல் எழுதிய கட்டுரை இதைச் சொல்கிறது. அவர்கள் கேட்டது குறுகலான, நேர்மையான கேள்வி: இந்த மருந்து வேலை செய்ய அந்தச் சாப்பாடு கட்டாயமா? இல்லை என்பது பதில். ஆனால் அது மேசைக்கு மேசை நகர்ந்து நகர்ந்து, காசநோயாளிக்குச் சோறு போடுவது அரசின் வேலையில்லை என்பதாகப் படிக்கப்பட்டுவிட்டது என்றே நினைக்கிறேன். மருந்து 1962-இலேயே தேசியத் திட்டமாகிவிட்டது. நோயாளியின் கையில் சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2018-இல்தான் வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய்.

2023-இல் ஜார்க்கண்டிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் அவர்களோடு இருந்தவர்களும் செய்தது. 2,800 நோயாளிகளின் வீடுகளில், ஒரு பாதி வீடுகளில் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. கிருமியைக் கொல்ல மருந்து போதும், ஆனால் அடுத்த ஆளுக்கு வராமல் இருக்கச் சோறு வேண்டும். சென்னையில் கேட்ட கேள்வி ஒன்று, ஜார்க்கண்டில் கேட்ட கேள்வி வேறு. இரண்டுக்கும் சரியான பதில் கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டவுடனேயே எடையையும் மூச்சையும் பார்த்து, மிகவும் மெலிந்துபோனவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். வீட்டில் பார்க்கலாம் என்பது எல்லோரையும் வீட்டிலேயே விட்டுவிடலாம் என்பதில்லை. அந்தத் தெளிவு வந்தது எனக்கு நிம்மதி.

மீனவர் வீட்டில் மீனுக்கு என்ன குறை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நல்ல மீன் ஏலத்துக்குப் போய்விடும். அந்த அண்ணன் வீட்டில் தினமும் கஞ்சியும் ஒரு துண்டுக் கருவாடும்தான். பால்வாடி முட்டையைப் பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் அம்மா தொடவிட மாட்டார். அதனால் எங்கள் வீட்டுக் கோழி முட்டை இரண்டை அவித்து, மரத்தடிக்கு எடுத்துப் போவார். மாத்திரைக்குப் பின் முட்டை. அது எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தந்தது இல்லை.

இப்போது வாரம் மூன்று நாள் முறை போய்விட்டது, தினமும் மாத்திரை. பெயர் எழுதிய பெட்டியும் இல்லை. அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்த 1959 அறிக்கையைப் போனில் திறந்துவைத்துக்கொண்டு, அதில் இருப்பதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். முற்றத்தில் உட்கார்ந்து நகரை மீன் ஆய்ந்துகொண்டே கேட்டார். 86, 92 என்ற எண்கள் அவரை ஒன்றும் செய்யவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மருந்தை எண்ணியதைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

‘வீட்டுக்கே போனாங்களா?’

‘போனாங்கம்மா. அடிக்கடி.’

‘போனவங்க, அந்த வீட்டுல என்ன ஆக்கியிருக்குன்னு பார்த்தாங்களா?’

‘அதையும் எழுதி வச்சிருக்காங்க. அரிசிதான் அதிகம். பருப்பு, பால், மீனெல்லாம் கொஞ்சம்தான்.’

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். ‘சின்னவன் இப்ப கப்பல்ல வேலைக்கிப் போயிட்டான், தெரியுமா? மதினி நேத்துத்தான் சொன்னா. குழம்பு கொதிக்கவும் ஒரு சட்டியில ஊத்தித் தாரேன், கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. அண்ணன் எப்படி இருக்கான்னும் பார்த்துட்டு வா’ என்றார்.